ஒரு மூங்கில், ஒரு துணி

கொல்லிமலையில் குண்டூர் நாட்டு வீடு ஒன்றின் திண்ணையில், மழை விடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேலே கூரைச் சட்டத்தில் நீளமான மூங்கில் ஒன்று செருகிக் கிடந்தது. புகை ஏறிக் கறுத்த மூங்கில். ஆனால் இரண்டு முனையிலும் முழ நீளத்துக்கு மட்டும் தேய்ந்து, எண்ணெய் தடவினாற்போல மின்னியது.

“இது எதுக்குங்க தாத்தா?” என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன்.

“தூளிக் கம்பு கண்ணு. ரோடு வராத காலத்துது. இப்ப துணி காயப் போடறதுக்கு ஆகுது.”

முனைகள் மின்னியது தோள் பட்டுத் தேய்ந்ததால் என்று அப்போதுதான் புரிந்தது. “எப்படிக் கட்டுவீங்க, கொஞ்சம் காட்டுங்களேன்” என்றேன். உள்ளே போய்ப் பழைய ஜமக்காளம் ஒன்றை எடுத்து வந்தார். நீளவாக்கில் மடித்தார். ஒரு முனையைக் கொத்தாகச் சேர்த்து ஒரே முறுக்கு. அதைக் கம்பின் மேலே போட்டு, சுற்றி எடுத்து, சுற்றின துணிக்கு அடியிலேயே செருகி இழுத்தார். மறுமுனையும் அப்படியே. கயிறு கிடையாது. ஆள் படுத்ததும் பாரம் இழுக்க இழுக்க அந்த முடிச்சு தானாக இறுகிக்கொள்ளும்.

“மேல ஏறையில தல முன்னால. எறங்கையில கால் முன்னால. எப்பவும் தல மேட்டுப் பக்கம் இருக்கணும். தூக்கற ரெண்டு பேரும் ஒரே கால வெக்கக் கூடாது கண்ணு. ஒருத்தன் எடது வெச்சா இன்னொருத்தன் வலது. இல்லீன்னா தூளி ஆட ஆரம்பிச்சிரும், உள்ள இருக்கறவங்களுக்கு உசுரு போயிரும். ரெண்டு பேரு தூக்க, ரெண்டு பேரு தோள் மாத்த. ராத்திரின்னா லாந்தருக்கு ஒராளு.”

“யார் யாரத் தூக்கியிருக்கீங்க?”

“புள்ளத்தாச்சி, பாம்பு கடிச்சவங்க, மொளகு பறிக்க ஏறி மரத்துல இருந்து வுழுந்தவங்க…” சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: “எல்லாருந் திரும்பி வரல.”

அந்த மூங்கிலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொரு தூளி நினைவுக்கு வந்தது. அதில் ஏறியவர் இந்த மலையில் பிறந்தவர் அல்ல. லண்டனில் பிறந்தவர். முதல் முறை மணப்பெண்ணாக ஏறினார். அறுபது ஆண்டுகள் கழித்து, தொண்ணூற்று மூன்று வயதில், மலைவாசிகளின் தோளில் மறுபடி ஏறினார். எவலின் பிராண்ட் என்பது அவர் பெயர். ஆங்கிலத்தில் அவரை எல்லோரும் ‘கிரானி பிராண்ட்’ என்றார்கள். நம் பேச்சில் பிராண்ட் பாட்டி.

தூளி என்ற சொல்லை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாக இருக்கும். பிறந்த பிள்ளையைப் போட்டு ஆட்டுவதும் தூளி, நோயாளியைச் சுமப்பதும் தூளி. உத்திரத்தில் கட்டினால் தொட்டில், மூங்கிலில் கட்டினால் வண்டி. துணி ஒன்றுதான். வெள்ளைக்காரர்கள் காலத்தில் மலையேற வைத்திருந்த நாற்காலி, கான்வாஸ் வகைகளுக்கு டோலி என்று பெயர். சபரிமலைக்குப் போனவர்களுக்கு அது பழக்கம்: நாலு பேர் தூக்கும் நாற்காலி. மலைக் கிராமத்துத் தூளிக்கு நாற்காலியும் கிடையாது, கூலியும் கிடையாது. யார் வீட்டில் அழுகுரல் கேட்கிறதோ அந்த வீட்டுப் போர்வையே தூளி, ஓடி வருகிறவர்களே தூக்குகிறவர்கள்.

இந்தத் தூளியின் பயணத்தை 1913 ஆகஸ்டிலிருந்து சொல்ல வேண்டும்.

அந்த மாதம் சேந்தமங்கலத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஜெஸ்ஸி மான் பிராண்ட். இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டுக்காரர், 1907இல் இந்தியா வந்தவர். பெண் எவலின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ். 1879இல் லண்டனில் வசதியான வணிகர் வீட்டில் பிறந்தவர், ஓவியம் பயின்றவர், மாப்பிள்ளையை விட ஆறு வயது மூத்தவர். இருவரும் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். 1861இல் லண்டனில் தொடங்கிய சிறிய மிஷன் அது. சென்னை, சேலம், திருநெல்வேலிப் பக்கங்களில் வேலை செய்தது. பாப்டிஸ்ட் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை. வளர்ந்து, தானே விசுவாசித்து, தானே கேட்டு, தண்ணீரில் முழுகி எடுக்க வேண்டும். அதில் இன்னும் கண்டிப்பான பிரிவு இது. அப்படி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மட்டும்தான் திருவிருந்து. எவலின் வளர்ந்த பக்தி இந்தக் கண்டிப்பிலிருந்து வந்தது. மற்றவர்களிடம் அவர் எவ்வளவு கண்டிப்பாக இருந்தாரோ தெரியாது; தன்னிடம் கடைசி வரை கண்டிப்பாக இருந்தார்.

கல்யாணம் முடிந்ததும் மலையேற்றம். அப்போது கொல்லிமலைக்குச் சாலை இல்லை. சமவெளிக்காரர்களுக்கு அந்த மலை என்றாலே பயம். கொல்லி என்ற பெயருக்கே ‘கொல்லும் மலை’ என்று பொருள் சொன்னார்கள். சங்க காலத்தில் வல்வில் ஓரியின் மலை, ஆண்களை மயக்கிக் கொல்லும் கொல்லிப்பாவையின் மலை. 1913இல் கொன்றது மலேரியா. கொசுதான் அதைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்து அப்போது பதினாறு ஆண்டுதான் ஆகியிருந்தது. மேலே ஓர் இரவு தங்கச் சொன்னாலும் கீழ்நாட்டுச் சுமையாட்கள் தயங்கினார்கள். எவலின் டோலியில் ஏறினார். வழியில் மழை பிடித்துக்கொண்டது. கல்யாண உடை நனைந்து ஊறியது. வாழ்வின் முதல் தூளி அவருக்கு இப்படித்தான் வாய்த்தது. கூலிக்குத் தூக்கியவர்கள், யாரென்றே தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெண், சறுக்கும் பாதை.

அதே பாதையில் வீடும் ஏறியது. ஜெஸ்ஸி கீழே மரச் சட்டங்களை அறுத்துத் தயாரித்துத் துண்டு துண்டாக மேலே அனுப்பி, மலையில் பொருத்திக் கட்டிய வீடு அது. பலகை, சட்டம், ஆணி, மருந்துப் பெட்டி, பைபிள் எல்லாம் தலைச்சுமை. அவர்கள் குடியேறியது வாழவந்தி. கொல்லிமலையில் பதினான்கு நாடுகள்: குண்டூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு என்று போகும் கணக்கில் அதுவும் ஒன்று. ‘வாழ வந்தவர்கள்’ என்று பெயருள்ள நாட்டில் அவர்கள் போய் இறங்கியது தற்செயல்தான். ஆனாலும் அந்தப் பெயரை எழுதும்போது கை ஒரு நொடி நிற்கிறது.

முதல் சில ஆண்டுகள் ஒருவரும் அவர்கள் மதத்தில் சேரவில்லை. மருந்துக்கு வந்தார்கள், பல் பிடுங்கிக்கொள்ள வந்தார்கள், புண்ணுக்குக் கட்டுப் போட வந்தார்கள், திரும்பிப் போனார்கள். ஜெஸ்ஸி டாக்டர் அல்ல. லண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரியில் மிஷனரிகளுக்கென்று நடந்த மருத்துவப் பயிற்சி பெற்றவர், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு இருவரும் ஊர் ஊராகப் போனார்கள். பள்ளிக்கூடம் நடத்தினார்கள், தச்சு சொல்லிக் கொடுத்தார்கள், விவசாயம் பேசினார்கள். மகன் பால் 1914இல் பிறந்தான். பிறகு மகள் கான்னி.

1918இல் விஷக் காய்ச்சல் வந்தது. உலகையே அடித்த இன்ஃப்ளூயன்சா. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் சாவு. மலைக்கும் ஏறி வந்தது. கிராமங்களில் ஆளுக்கு ஆள் தண்ணீர் கொடுக்கக் கூட எழ முடியாமல் கிடந்தார்கள். ஜெஸ்ஸியும் எவலினும் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டுபோய் ஊட்டினார்கள். அதுவரை அவர்களை எதிர்த்துவந்த பூசாரி ஒருவர் அந்தக் காய்ச்சலில் கிடந்தார். சாகும் தறுவாயில் தன் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். அந்தப் பெண் குழந்தைக்கு ரூத் என்று பெயர் வைத்து வளர்த்தார்கள். மலையில் அவர்கள் சொல்லுக்குக் காது கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

மதம் மாற்றத்தானே வந்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், அதற்காகத்தான் வந்தார்கள். அதை ஒரு நாளும் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பூசாரி தன் பிள்ளையைக் கொடுத்தது பிரசங்கத்தைக் கேட்டு அல்ல. மற்றவர்கள் அணுகப் பயந்த வீட்டுக்குள் கஞ்சிக் கலயத்தோடு நுழைந்தவர்களைப் பார்த்து. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் எவலினைப் புரிந்துகொள்ள முடியும் என்று நினைக்கிறேன்.

1923இல் இங்கிலாந்து போனார்கள். படிப்புக்காகப் பாலையும் கான்னியையும் லண்டனில் உறவினரிடம் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். பாலுக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவை அவன் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸிக்குக் காய்ச்சல் கண்டது. திரும்பத் திரும்ப வரும் மலேரியா ஒரு கட்டத்தில் இரத்த அணுக்களை உடைத்து, சிறுநீரைக் கறுப்பாக்கிவிடும். கருநீர்க் காய்ச்சல் என்று அதற்குப் பெயர். அந்த நிலையில் பெரிய ஆஸ்பத்திரிதான் ஆளைக் காப்பாற்ற முடியும். பெரிய ஆஸ்பத்திரி கீழே இருந்தது. ஊர் ஊராகப் போய் மற்றவர்களைக் கீழே அனுப்பிவைத்த மனிதரை மலை விடவில்லை. ஜூன் 15 அன்று இறந்தார். வயது நாற்பத்து நான்கு. வாழவந்தியிலேயே புதைத்தார்கள். லண்டனில் பாலுக்குத் தந்தி போனது. தந்தி கிடைத்த பிறகும் வாரக்கணக்கில் அப்பாவின் கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டே இருந்தன. மலையில் நின்ற மரங்களைப் பற்றி, பூச்சிகளைப் பற்றி, அடுத்த ஆண்டு சந்திக்கப்போவதைப் பற்றி. பால் பிராண்ட் பிற்காலத்தில் இதை எழுதியிருக்கிறார்.

எவலின் ஐம்பது வயதில் விதவையானார். ஊருக்குப் போனார், திரும்பியும் வந்தார். மிஷன் அவரைச் சமவெளியில் வேலைக்கு வைத்தது. ஆனால் அவருக்கும் ஜெஸ்ஸிக்கும் இடையில் ஒரு பொருத்தனை இருந்தது. கொல்லிமலை மட்டும் அல்ல, கல்வராயன், பச்சைமலை, சித்தேரி என்று சுற்றியுள்ள மலைகளையும் சேர்த்து ஐந்து மலைக்குப் போக வேண்டும் என்பது. கொல்லிமலையின் பழங்குடிகளான மலையாளிகளிடம் ஒரு வாய்மொழிக் கதை இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மலைக்கொருவராகப் பிரிந்து குடியேறினார்கள் என்று. பிரிந்த அந்த அண்ணன் தம்பிகளின் வீடுகளை எல்லாம் ஒரே கிழவி சுற்றிவர நினைத்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

1947இல் அவருக்கு அறுபத்தெட்டு வயது. ஓய்வு பெறும் வயது வந்தது. மிஷன் விதிப்படி மலைக்கு அனுப்ப முடியாது என்றது. இன்னும் ஒரே ஓராண்டு மட்டும் என்று கேட்டு வாங்கினார். ஆண்டு முடிந்து வழியனுப்ப வந்த சக மிஷனரிகளிடம், “நான் மிஷனிலிருந்துதான் ஓய்வு பெறுகிறேன், வேலையிலிருந்து அல்ல” என்ற பொருளில் சொல்லிவிட்டு மலையிலேயே தங்கிவிட்டார். சம்பளம் இல்லை, விதி இல்லை, தடுப்பவர் இல்லை. குடும்பச் சொத்தில் வந்த சிறு தொகை, ஒரு குட்டி வீடு, மருந்துப் பெட்டி, வர்ணப் பெட்டி. லண்டனில் பயின்ற ஓவியத்தை அவர் விட்டுவிடவே இல்லை. மலைகளை வரைந்துகொண்டே இருந்தார்.

1947இலிருந்து இறக்கும் வரை மலையில் கழிந்த இருபத்தேழு ஆண்டுகள்தான் அவருடைய உண்மையான வாழ்க்கை என்பேன். அதற்கு முன் நடந்தது எல்லாம் முன்னுரை.

மட்டக்குதிரை ஒன்றில் ஏறி ஊர் ஊராகப் போனார். விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். மலேரியா, வயிற்றுப்போக்கு, எலும்பு முறிவு என்று உடம்பில் நோய் படாத இடம் குறைவு. நடக்கக் கால் ஒத்துழைக்காமல் போனபோது இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றிக்கொண்டார். அவர் கைக்கு மூங்கில் வந்தது இப்போதுதான். தோளில் தூக்கிய மூங்கில் கைத்தடியானது.

அவர் செய்த வேலைகளில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். நரம்புச் சிலந்தி. இன்றைய தலைமுறைக்கு இந்த நோயின் பெயரே தெரியாது. மீட்டர் நீளம் வரை வளரும் புழு, கால் தோலைக் கொப்பளமாக்கி வெளியே தலை நீட்டும். எரிச்சல் தாங்காமல் ஆள் தண்ணீரில் காலை வைத்ததும், புழு அந்தத் தண்ணீரில் ஆயிரக்கணக்கில் குஞ்சுகளை விடும். அவற்றைக் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகள் தின்னும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு அடுத்த ஆண்டு புழு. ஜெஸ்ஸி ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, அறுந்துவிடாமல் அந்தப் புழுவை இழுத்து எடுப்பதைச் சிறு வயதில் பார்த்ததாகப் பால் எழுதியிருக்கிறார். அறுந்தால் உள்ளே சீழ் பிடிக்கும். எவலின் புழுவின் பின்னால் போகவில்லை. கிணற்றின் பின்னால் போனார். படி வைத்த, கரை இல்லாத கிணறுகளில் காலை நனைத்து இறங்கித் தண்ணீர் மொள்வதுதான் நோயின் பாதை. கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பி, கால் வைக்காமல் மேலிருந்தே இறைத்துக்கொள்ளுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக் கட்டவைத்தார். பெரிய பரப்பில் அந்த நோயை அவர் ஒற்றை ஆளாக ஒழித்தார் என்று மகன் சாட்சி சொல்கிறார். நரம்புச் சிலந்தி இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்று கொடுத்தது 2000ஆம் ஆண்டில். ஒரு கிழவி கல்சுவர் கட்டச் சொல்லிக்கொண்டு திரிந்தது அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னால்.

எழுபத்தைந்து வயதில் வீட்டுக்குள் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. வேலைக்கு வந்தவர் பார்த்துக் குரல் கொடுக்க, நாலு பேர் கயிறும் கட்டையும் கொண்டு அவசரத்துக்கு ஒரு தூளி கட்டினார்கள். மலைப்பாதையில் இறக்கினார்கள். கீழே ஜீப். மேடும் பள்ளமுமான சாலையில் 150 மைல். முறிந்த இடுப்போடு அந்த வழி முழுவதும் அவர் என்ன பட்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். குண்டூர் நாட்டுத் தாத்தா சொன்ன கணக்கு அங்கே பேசியிருக்கும்: கால் முன்னால், தலை மேட்டுப் பக்கம், இரண்டு பேரும் ஒரே காலை வைக்கக் கூடாது.

மகன் அப்போது டாக்டர். சாதாரண டாக்டர் அல்ல. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையைத் தொடங்கியவர். தொழுநோயாளியின் விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுத்தான் அழிகின்றன என்று உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர். 1960இல் லாஸ்கர் விருது பெற்றவர். கை நிமிராதவர்களின் கையை நிமிர்த்தியவருக்குத் தாயை மட்டும் மலையிலிருந்து இறக்க முடியவில்லை. போய்ப் பார்த்தார். வயதாகிவிட்டது, வந்துவிடுங்கள் என்று கெஞ்சினார். நான் போய்விட்டால் இவர்கள் புண்ணுக்கு யார் மருந்து போடுவார்கள், யார் பல் பிடுங்குவார்கள், இயேசுவைப் பற்றி யார் சொல்வார்கள் என்று தாய் திருப்பிக் கேட்டார். உபயோகப்படுத்தாமல் பத்திரமாக வைத்துக்கொள்ள இந்தக் கிழ உடம்பு எதற்கு என்றும் கேட்டார். மகனிடம் பதில் இல்லை.

கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை. அவர் ஓவியக்காரி. ஒரு முகத்தில் வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துப் பழகிய கண். தன் முகத்தைப் பார்க்க மட்டும் அந்தக் கண்ணுக்கு நேரம் கொடுக்கவில்லை. மலையில் தனக்கு எதிரே வந்து நின்ற முகங்களே போதும் என்று நினைத்தாரோ என்னவோ.

தொண்ணூற்று மூன்றாவது வயதில் குதிரையை விட்டார். அடிக்கடி விழ ஆரம்பித்துவிட்டார். இனி வீட்டோடு இருந்துவிடுவார் என்று எல்லோரும் நினைத்த இடத்தில்தான் என் கதையின் தூளி திரும்ப வருகிறது. மலைக் கிராமத்து மக்கள் மூங்கிலில் துணி கட்டினார்கள். அவரைப் படுக்க வைத்தார்கள். ஊரிலிருந்து ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஓராண்டு அல்ல, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். அந்தத் தூளியில் கிடந்தபடியே அவர் வேலை பார்த்தார்.

தூளியைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இந்த ஒரு காட்சிக்காகத்தான். மலைக் கிராமங்களில் தூளி எப்போதும் ஒரே திசையில்தான் போகும். நோயாளியைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம். இங்கே திசை திரும்பிவிட்டது. வைத்தியம் பார்க்கிறவரைத் தூக்கிக்கொண்டு நோயாளியிடம் போகிறது. 1913இல் பயந்துகொண்டே தூக்கிய கூலியாட்களையும், 1972க்குப் பிறகு தூக்கிய இந்தத் தோள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பாதை அதே மாதிரிப் பாதை. மூங்கில் அதே மூங்கில். உள்ளே இருப்பவரும் ஒரே ஆள். தூக்குகிறவர்களின் மனம் மட்டும்தான் மாறியிருக்கிறது. அதை மாற்ற அவருக்கு அறுபது ஆண்டு பிடித்தது.

1974 டிசம்பர் 18 அன்று எவலின் பிராண்ட் காலமானார். வயது தொண்ணூற்றைந்து. உடலைக் கொல்லிமலைக்குக் கொண்டுவந்து, ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். பெட்டி இல்லை. ஒரு பருத்தித் துணியில் சுற்றி, மண்ணில் வைத்தார்கள். கூடியிருந்த மலை மக்கள் அழுதார்கள். நாற்பத்தைந்து ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. அவர் வாழ்க்கையை டாரதி கிளார்க் வில்சன் ஆங்கிலத்தில் தனிப் புத்தகமாக எழுதினார். பால் பிராண்ட் 2003இல் இறந்தார். தாயின் வாழ்வை அவர் தன் நூல்களில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

தூளியின் பயணம் அவரோடு முடியவில்லை. முடிந்திருந்தால் நான் இதை நிம்மதியாக எழுதியிருப்பேன்.

கொல்லிமலைக்கு இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு நல்ல சாலை இருக்கிறது. செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. குண்டூர் நாட்டுத் தாத்தாவின் கம்பு துணி காயப்போட ஆகிறது. ஆகட்டும், அதற்கு அதைவிட நல்ல ஓய்வு கிடையாது. ஆனால் அதே நாமக்கல் மாவட்டத்தில், ராசிபுரத்துக்கு மேலே இருக்கும் போதமலையில் அண்மைக் காலம் வரை சாலையே கிடையாது. தேர்தலுக்குத் தேர்தல் வாக்கு இயந்திரங்களைத் தலைச்சுமையாக ஏற்றினார்கள். இயந்திரம் ஏறிய பாதையில் நோயாளி இறங்கினார், தூளியில். 2023 மே மாதம் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் முன்பே குழந்தை இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் சாலை இல்லாத இடத்தில் இறக்கிவிட்டுப் போனது. மிச்ச வழியைத் தாய் கையில் சுமந்துகொண்டு நடந்தார். உலகமே வைத்தியத்துக்குத் தேடி வரும் ஊர் வேலூர். பால் பிராண்ட் கைகளை நிமிர்த்திய ஊரும் அதுதான். அந்த மாவட்டத்து மலையில் அந்தத் தாய்க்கு வாய்த்தது தன் இரண்டு கைகள்தான்.

பிள்ளையை ஆட்டும் தூளி எங்கும் இருக்கட்டும். நோயாளியைச் சுமக்கும் தூளி இந்த மலைகளை விட்டுப் போக வேண்டும். ஒவ்வொரு மலைக் கிராமத்துக்கும் ஆம்புலன்ஸ் வீட்டு வாசல் வரை வரும் சாலை வேண்டும். வனத்துறை அனுமதி, அளவீடு, மதிப்பீடு, நிதி ஒதுக்கீடு என்று கோப்புகள் நகரும் வேகத்தை விடக் கேட்கிறவர்கள் குரல் பெரிதாக இருக்க வேண்டும். மலையில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் கேளுங்கள். கீழே இருக்கும் நாமும் சேர்ந்து கேட்போம்.

ஆகாய கங்கையில் குளிக்கவும் அறப்பளீஸ்வரரைக் கும்பிடவும் கொல்லிமலைக்குப் போகிறவர்கள் வாழவந்தி நாட்டுப் பக்கமும் ஒரு முறை போய் வாருங்கள். அங்கே இரண்டு கல்லறைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று 1929, இன்னொன்று 1974.